கை ஊன்ற இடமில்லாத கண்ணாடி

பாளையங்கோட்டையில் என் சித்தப்பாவின் வீட்டுத் திண்ணையில் ஒரு மாலைப் பொழுதில் பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய கைபேசி மணி அடித்தது. முப்பத்தைந்து வருஷ காலம் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்து, கரும்பலகையில் முத்து முத்தாக எழுதிக் காட்டிய அவருடைய வலக்கை, பார்க்கின்சன் நோயின் வசப்பட்ட பிறகு, மடியில் ஓய்ந்து கிடக்கும் வேளையிலும் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. திரையில் ஒரு பச்சை வட்டம் தோன்றியது. அதை விரலால் தொட்டு, விரலை எடுக்காமலே மேல் நோக்கித் தள்ளினால்தான் அழைத்தவருடைய குரலைக் கேட்கலாம். சித்தப்பா தொட்டார். தள்ளுவதற்குள் விரல் துள்ளி எழுந்தது, மறுபடி விழுந்தது, பக்கவாட்டில் சறுக்கியது, மணி நின்றுபோயிற்று. நான் எழுந்து உதவப் போனேன். அவர் தடுத்துவிட்டு, "மதுரையிலேர்ந்து பாப்பாதான். மூணாவது தடவை அடிக்கும்போது எடுத்துருவேன்னு அவளுக்குத் தெரியும் டே" என்றார்.

மூன்றாவது தடவை எடுத்தும் விட்டார். ஆனால் ஒரு தகப்பனாரும் மகளும் பேசிக்கொள்வதற்கு மூன்று முறை மணி அடிக்க வேண்டும் என்னும் நிலையை அவ்விருவரும் இயல்பாக ஏற்றுக்கொண்டுவிட்டார்களே என்ற எண்ணம் அன்றிரவு முழுவதும் என்னை வருத்தியது. அந்த நோயின் நடுக்கம் விநாடிக்கு நான்கு முதல் ஆறு தடவை என்பது வைத்தியர்களின் கணக்கு. மனிதர் மனத்தில் எண்ணிய தொடுதல் ஒன்றுதான். கண்ணாடி எண்ணிக்கொண்டதோ ஐந்தாறு. எண்ணத்துக்கும் கணக்குக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைக் குறைப்பதற்கு யார் யார் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கியபோது, முதலில் எனக்குக் கிடைத்த செய்தியே வியப்பாக இருந்தது: விரல்களின் அசைவால் ஒரு யந்திரத்தை நடத்தும் இந்த முறையே ஒரு வலிக்கும் கையிலிருந்து பிறந்தது என்பதுதான் அது.

அமெரிக்காவில் டெலவேர் சர்வகலாசாலையில் 1990-களில் ஆராய்ச்சி மாணவராக இருந்த வெய்ன் வெஸ்டர்மன் என்பவருக்கு, ஓயாமல் தட்டச்சு செய்வதால் நரம்பும் தசைநாணும் நைந்துபோகும் நோய் கைகளில் கண்டது. விசைகளை அமுக்கும் சிறு பலம்கூட வேதனையாகிவிட்ட நிலையில், அமுக்கவே வேண்டாத, தொட்டால் மட்டும் போதுமான ஒரு பரப்பைத் தமக்காகவே சிருஷ்டித்துக்கொள்ள முனைந்தார். பத்து விரல்களையும் உள்ளங்கையையும் வெவ்வேறாக அடையாளம் கண்டு, அவை சேர்ந்தும் பிரிந்தும் நகரும் அசைவுகளுக்குத் தனித்தனிப் பொருள் கொடுக்கும் அந்த முறையே 1999-இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடாயிற்று. பேராசிரியர் ஜான் எலயஸும் அவரும் 1998-இல் தொடங்கிய ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற சிறு கம்பெனி செய்து விற்ற, அழுத்தமே தேவைப்படாத விசைப்பலகைகளை விரும்பி வாங்கியவர்களில் பலர் அவரைப் போலவே கைவலியால் அவதிப்பட்டவர்கள். 2005-இல் ஆப்பிள் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. விசைப்பலகைகள் செய்வது நின்றது. 2007-இல் ஐபோன் வெளிவந்தது. இரு விரல்களை விரித்துப் படத்தைப் பெரிதாக்குவதும், ஒரு விரலால் பக்கத்தைத் தள்ளுவதும் உலகத்தின் பழக்கமாகிவிட்டன.

நொந்த கையின் வேதனையைத் தணிக்கப் பிறந்த யுக்தி, உலகம் முழுவதும் பரவியபோது ஆரோக்கியமான கையை மட்டுமே மனத்தில் கொண்டு பரவியது என்பது வருந்தத்தக்க உண்மை. ஐபோனில் பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் வாய்ஸ்ஓவர் 2009-இல் வந்தது. பல விரல் அசைவுகளை ஒரு விரலின் தட்டலாகச் சுருக்கித் தரும் அசிஸ்டிவ்டச் 2011-இல் வந்தது. திரையைத் தொடவே இயலாதவர்கள் ஒரு சுவிட்சினால் எல்லாவற்றையும் நடத்தும் வசதிக்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கண்ணாடிக்குக் கீழே நடப்பது என்னவென்று சிறிது பார்த்தால்தான், எவருக்கு எங்கே தடை ஏற்படுகிறது என்பது விளங்கும். இன்றைய தொடுதிரையின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. மனித தேகம் மின்சாரத்தைக் கடத்துவது. ஆகையால் விரல் நெருங்கியவுடன் அந்த இடத்து மின்னேற்றத்தில் சிறிது மாறுதல் உண்டாகிறது. அந்த மாறுதலைக் கொண்டே தொட்ட இடம் இன்னதென்று கருவி அறிகிறது. இதனால் நகத்தால் தொட்டால் அது அறியாது. பிளாஸ்டிக் செயற்கை விரலால் தொட்டாலும் அறியாது. கழுத்துக்குக் கீழே அசைவிழந்த ஒருவர், பழைய தட்டச்சு யந்திரத்தின் விசைகளைத் தட்டப் பயன்படுத்திய மரக்குச்சியை வாயில் கவ்விக்கொண்டு தட்டினாலும் அறியாது. குச்சியின் நுனியில் மின்சாரம் கடத்தும் ரப்பர் வேண்டும். அந்த ரப்பருக்கும் தேகத்துக்கும் மின்தொடர்பும் வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படும் குறை வேறொன்று. பழைய பொத்தானுக்கு ஒரு விளிம்பு இருந்தது. நடுங்கும் விரல் அந்த விளிம்பில் தங்கி, பக்கத்துப் பொத்தான்களின்மேல் ஊன்றி, இடம் கண்டுகொண்டு, பிறகு அமுக்கலாம். ஊன்றுவது வேறு, அமுக்குவது வேறு என்ற பேதம் அங்கே இருந்தது. வழுவழுப்பான கண்ணாடியிலோ ஊன்றுவதே தொடுவதாகிவிடுகிறது; ஆதாரத்துக்காகக் கை தேடிய இடமெல்லாம் கட்டளையாகப் பதிவாகிவிடுகிறது. இந்தக் குறையை நிவர்த்திக்க மிக எளிய ஒரு சாதனம் உண்டு: திரையின்மேல் பொருந்தும்படி, பொத்தான் இருக்கும் இடங்களில் மட்டும் ஓட்டை வெட்டிய தெளிந்த பிளாஸ்டிக் தகடு. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தை தன் கையைத் தகட்டின்மேல் முழுவதுமாகக் கிடத்தி, மெல்ல இழுத்துச் சென்று, வேண்டிய ஓட்டை வந்ததும் விரலை உள்ளே இறக்குகிறது. பேச இயலாத குழந்தைகள் படங்களைத் தொட்டுச் சொற்களைப் பேசச் செய்யும் செயலிகள் இருக்கின்றனவே, சென்னையில் அஜித் நாராயணன் என்பவர் மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் நிறுவனத்தின் அநுபவத்தைத் துணைகொண்டு உருவாக்கிய ஆவாஸ் போன்றவை, அவற்றைக் கையாளும் பிள்ளைகள் சிலருக்கு இந்தத் தகடுதான் குரலுக்கு வாசல்.

விளிம்பின் அருமையை நன்கு உணர்ந்த ஆராய்ச்சியாளர் ஜேக்கப் வொப்ராக். கார்னெகி மெலன் சர்வகலாசாலையில் இருந்தபோது 2003-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட எட்ஜ்ரைட் என்ற எழுத்து முறையில், சிறு சதுர ஓட்டை ஒன்றைத் திரைமேல் வைத்து, அதன் ஓரங்களை உரசிக்கொண்டே மூலைக்கு மூலை எழுதுகோலை நகர்த்தினால் எழுத்தாகும். கோடு எவ்வளவு நடுங்கினாலும் பாதகமில்லை, எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போயிற்று என்பது ஒன்றே கணக்கு. கையின் நடுக்கத்தைப் பிழையென்று கருதாமல், ஊன்றிக்கொள்ள இடம் கொடுத்தால் அந்தக் கையே சரியாக எழுதும் என்று நம்பிய இந்த மனோபாவத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஸ்பரிசத்தோடு நிற்காமல், அங்க அசைவுகளையே கட்டளையாக்கும் சாதனங்களில் தடை இன்னும் வெளிப்படையானது. கைபேசியைக் குலுக்கினால் கடைசியாகச் செய்த காரியம் ரத்தாகும் என்று ஒரு வசதி. சக்கர நாற்காலியின் கைப்பிடியோடு கைபேசியை இறுக்கிப் பொருத்தியிருப்பவர் அதைக் குலுக்குவது எப்படி? அவர் குலுக்க நினையாதபோதோ, குண்டும் குழியுமான தெருவே குலுக்கிவிடுகிறது. 2010-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட கினெக்ட், எதிரே நிற்பவருடைய தேகத்தை இருபது மூட்டுகள் கொண்ட ஓர் உருவமாகக் கண்டு அவருடைய அசைவுகளைப் படித்தது. 'எதிரே நிற்பவர்' என்பதில்தான் சிக்கல். உட்கார்ந்திருப்பவரின் மேலுடலில் பத்து மூட்டுகளை மட்டும் கண்டு நடக்கும் முறை, கணினிக்கான கினெக்டில் 2012-இல்தான் சேர்க்கப்பட்டது.

இனி, இருக்கின்ற வசதிகளைச் சொல்ல வேண்டும். ஏனெனில் பலர் வைத்திருக்கும் கைபேசியிலேயே அவை இருந்தும் பலருக்கு அவை இருப்பதே தெரியாது. ஒரு தொடுதலைத் தொடுதலாக ஏற்பதற்கு விரல் எவ்வளவு நேரம் திரையில் தங்க வேண்டும் என்பதை நாமே நிர்ணயிக்கலாம்; அதற்குக் குறைந்த தொடுதல்களை நடுக்கமென்று கைபேசி ஒதுக்கிவிடும். ஒரு முறை தொட்டபின் அடுத்தடுத்து விழும் தொடுதல்களைக் குறிப்பிட்ட நேரத்துக்குக் கணக்கில் சேர்க்காதே என்றும் சொல்லலாம். விரல் முதலில் விழுந்த இடத்தைக் கொள்வதா, கடைசியில் எழுந்த இடத்தைக் கொள்வதா என்று தீர்மானிக்கும் உரிமையும் ஐபோனில் 2015 முதல் இருக்கிறது. நன்றாகச் செய்யப்பட்ட செயலிகளில் வேறொரு தர்மமும் அநுசரிக்கப்படுகிறது: விரல் விழும்போது காரியம் நடப்பதில்லை, விரல் எழும்போதுதான் நடக்கிறது. வாசகர்கள் தங்கள் கைபேசியிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பொத்தானைத் தொட்டு, விரலை எடுக்காமல் வெற்றிடத்துக்கு நகர்த்திப் பிறகு எடுங்கள், ஒன்றும் நடவாது. தவறான இடத்தில் விழுந்த விரலுக்குத் திரும்பிப் போக ஒரு வழி என்பது நமக்குச் சிறிய சௌகரியம். சித்தப்பாவைப் போன்றவர்களுக்கோ, தவறான ஆளுக்குப் பணம் போகாமல் காக்கும் காவல்.

கையே அசையாதவர்களுக்கு சுவிட்ச் முறை இருக்கிறது. திரையிலுள்ள பொத்தான்களைச் சுற்றி ஒரு வண்ணக் கட்டம் தானாக நகர்ந்து செல்லும்; வேண்டிய இடத்துக்கு அது வந்தவுடன், தலையாலோ முழங்காலாலோ, குழாயில் ஊதியோ ஒரே ஒரு சுவிட்சை இயக்கினால், அங்கே விரலால் தொட்டதற்குச் சமம். எழுதும்போது கட்டம் முதலில் வரிசை வரிசையாக இறங்கும். வரிசையைத் தேர்ந்த பின் விசை விசையாக நகரும். ஓர் அடிக்கு ஒரு விநாடி என்று வைத்தால், இரண்டாம் வரிசையில் ஆறாவது விசைக்கு எட்டு விநாடி. இந்தக் கணக்கில் பார்க்கும்போது, 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு அங்கீகரித்த தமிழ்99 விசைப்பலகையின் அருமை எனக்குப் புதிதாக விளங்கியது. ஒரே மெய்யை இரு முறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானாக விழும்படி அமைந்தது அது. ஆகவே 'அம்மா' என்று எழுத அகரம், மகரம், மறுபடி மகரம், ஆகாரம் என நான்கு தட்டல்கள் போதும். புள்ளிக்கென்று தனி விசை தட்டும் பலகையில் ஐந்து. விரைவாகத் தட்டுகிறவருக்கு ஒரு தட்டல் ஒரு பொருட்டல்ல. கட்டம் வரும்வரை காத்திருந்து தலையைச் சாய்த்து எழுதுகிறவருக்கு அது எட்டு விநாடியாகலாம், மெய் இரட்டிக்கும் ஒவ்வொரு சொல்லிலும்.

சுவிட்ச் என்றவுடன், வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டிய விலையுயர்ந்த பொருள் என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஆண்ட்ராய்டு கைபேசியில் கேபிள் வழியே மாட்டிய சாதாரண விசைப்பலகையின் எந்த விசையையும் சுவிட்சாக நியமிக்கலாம். அகலமான ஸ்பேஸ் பாரை முழங்கையால் அமுக்கினாலும் போதும். 2021 முதல், கைபேசியின் முன்பக்கக் கேமராவே முகத்தைக் கவனித்து, புன்னகையையோ, உயர்த்திய புருவத்தையோ, திறந்த வாயையோ, இடமும் வலமும் மேலுமாகத் திரும்பும் பார்வையையோ சுவிட்சாக ஏற்றுக்கொள்கிறது. இந்த ஆறில் எதையும் உபயோகிக்கலாம், ஒன்று இயலாவிட்டால் மற்றொன்று என்ற விட்டுக்கொடுக்கும் தன்மையே இதன் சிறப்பு.

அந்தத் தன்மை இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை நம் நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு காட்டியது. வங்கிக் கணக்கு தொடங்க வருபவர் உயிருள்ள மனிதர்தானா, வெறும் புகைப்படமா என்று அறிவதற்காகக் கேமராவுக்கு முன் கண் சிமிட்டச் சொல்வது வழக்கமாகியிருந்தது. அமில வீச்சுக்கு ஆளாகி முகமும் கண்களும் சிதைந்த ஒரு பெண்ணால் கண் சிமிட்ட முடியவில்லை. பிறருடைய கொடுமையால் இமையை இழந்தவரை, இமை அசையாத காரணத்தால் உயிருள்ளவர் என்று ஏற்க ஒரு யந்திரம் மறுத்தது! 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி அளித்த தீர்ப்பில் நீதிமன்றம், இணைய வழிச் சேவைகளை அடையும் உரிமை அரசியல் சாசனத்தின் 21-ஆவது ஷரத்து காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று அறிவித்து, கண் சிமிட்டுவதற்கு மாற்று வழிகள் வேண்டும் என்பது உட்பட 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது.

என் அபிப்பிராயத்தில் இந்த விஷயத்தின் சாரம் முழுவதும் அந்த 'மாற்று வழி' என்ற இரு சொற்களில் அடங்கியிருக்கிறது. இன்ன அசைவு நல்லது, இன்ன அசைவு கெட்டது என்பதல்ல. எந்த அசைவும் ஒரு காரியத்துக்கு ஏக வழியாக இருத்தலாகாது. வலைத்தளங்களுக்கான சர்வதேச வழிகாட்டு நெறிகளில் 2018-இல் வெளியான பதிப்பு இதையே விதித்தது: இரு விரல்களாலோ, கோடு கிழித்தோ செய்யும் எதையும் ஒரே தட்டலாலும் செய்ய முடிய வேண்டும், குலுக்கியும் சாய்த்தும் செய்யும் எதற்கும் பொத்தான் ஒன்று இருக்க வேண்டும். 2023-இன் பதிப்பு இழுத்துச் செல்லும் அசைவுக்கும் மாற்று வேண்டும் என்றது. தொடும் இடம் குறைந்தது 24 பிக்சல் சதுரம், கணக்குப்படி 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், இருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. நடுங்கும் விரலுக்கு அந்த அளவு போதாது என்றே நான் நினைக்கிறேன். மேல்நிலைத் தரம் சொல்லும் 44 பிக்சலே நியாயமானது. இந்தியாவிலும் ஐஎஸ் 17802 என்ற தர நிர்ணயம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இருக்கிறது.

ஆனால் பாதுகாப்பின் பெயரால் வேறொரு கதவு அடைபடுவதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்காகத் திரையைப் படித்தும் தொட்டும் கொடுக்கும் துணைச் செயலிகளின் அதே அதிகாரத்தை மோசடிக்காரர்கள் துருபயோகம் செய்தார்கள். அதன் பலனாக, பணம் அனுப்பும் செயலிகள் சில, வெளியாருடைய துணைச் செயலி ஏதேனும் இயங்குவதைக் கண்டால் வேலை செய்ய மறுக்கின்றன. திருடனுக்கு அஞ்சிப் படியை இடிப்பது போன்றது இது; மாடியில் வசிப்பவர் எப்படி இறங்குவார் என்று எவரும் யோசிக்கவில்லை.

அமெரிக்காவில் மூன்று ஆராய்ச்சியாளர்கள், உடற்குறை உள்ளவர்கள் தொடுதிரைகளைக் கையாளும் காட்சிகளாக யூடியூபில் பொதுமக்கள் பதிவு செய்திருந்த 187 வீடியோக்களைப் பொறுமையாகப் பார்த்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தடைகள் பல இருந்தும், இந்தக் கருவி தங்களுக்குச் சக்தி அளிப்பதாகவே பலரும் கருதினார்கள் என்பது அதில் தெரிந்தது. அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. மூன்றாவது மணிக்காகக் காத்திருக்கும் சித்தப்பாவும் ஒரு நாளாவது அந்தக் கைபேசி வேண்டாம் என்று சொன்னதில்லை.

திண்ணையில் பேசிய அந்த மாலைக்கு மறுநாள் காலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியின் அமைப்புகளுக்குள் நான்கு படி இறங்கி, அணுகல் வசதிகள் என்ற பகுதியைக் கண்டுபிடித்தேன். ஒலியைக் கூட்டும் பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினால் அழைப்பை ஏற்கும்படி செய்தேன். அதற்கு விளிம்பு இருந்தது, கட்டைவிரல் ஊன்றிக்கொண்டது. தொடுதலின் நேரத்தைக் கால் விநாடி, அரை விநாடி என்று மாற்றி மாற்றி, அவரைத் தட்டச் சொல்லிப் பார்த்து, அரை விநாடியில் நிறுத்தினேன். அன்று மதியம்வரை அவர் எல்லோருக்கும் தாமே போன் செய்து பேசினார். மாலையில் மாத்திரையின் வேகம் தணிந்து நடுக்கம் மேலிட்டபோது, அரை விநாடி போதவில்லை. ஒரு விநாடி வைத்தால் சரியாக இருந்தது. ஆனால் அந்த ஒரு விநாடி காலையில் அவருக்குப் பொறுமையைச் சோதிக்கும் தாமதமாக இருந்தது.

"காலைக்கு ஒண்ணு, சாயந்தரத்துக்கு ஒண்ணுன்னு அதுவா மாத்திக்கிடாதா டே?" என்று கேட்டார். மனிதனுடைய இயலாமை நாள் முழுவதும் ஒரே அளவாக இராது என்பதை அந்த அமைப்பைச் செய்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும். அவருடைய கைபேசியில் அப்படி ஒரு வசதி எனக்குக் கிடைக்கவில்லை. அவர் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுத்து, அதன் பின்புறத்தில், கோணலான ஆனால் படிக்கக்கூடிய எழுத்தில், 'காலை அரை, மாலை ஒன்று' என்று எழுதி அலமாரிக் கண்ணாடியில் ஒட்டச் சொன்னார். இப்போது பள்ளிக்கூடம் விட்டு நாலரை மணிக்கு வீட்டுக்கு வரும் பேத்தி, பையைக் கழற்றுவதற்கு முன்னால் தாத்தாவின் கைபேசியை வாங்கி, அந்த எண்ணை மாற்றி வைத்துவிட்டுத்தான் காபி கேட்கிறாள்.